கங்காபூர் முதல் கம்பம் வரை: சிறிய ஒயின் ஆலைகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

நாசிக் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியதையொட்டி வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருந்தனர். ஒரே பொருளைக் கேட்டிருந்தவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளாக்கி, இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகள் புனேயில் பணிபுரிகிறாள். ஜனவரி இறுதியில் அவளுடன் நாசிக் சென்று இரண்டு நாள் தங்கி ஒயின் ஆலைகளைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். யாரைக் கேட்டாலும் ஒரே ஒரு பெரிய ஆலையின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதைப் பார்த்தால் போதாதா? சிறிய ஆலைகளைத் தேடிப் போவதால் என்ன பயன்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எல்லோரும் சொல்லும் அந்தப் பெயர் சூலாவாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தவிர்த்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் படித்து, அங்கேயே சில காலம் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், உண்ணும் திராட்சைக்குப் பேர்போன நாசிக்கில் ஒயினுக்குரிய வகைகளை நட்டு, 2000ஆம் ஆண்டில் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பார்வையாளர்கள் வந்து சுவைத்துப் பார்ப்பதற்கென்றே 2005இல் ஓர் அறையையும் திறந்தார். இன்று நாசிக்கில் எந்த ஆலைக்குச் சென்றாலும் உங்கள் முன் கோப்பையை வைத்து விளக்கம் சொல்ல ஒருவர் வந்து நிற்கிறார் என்றால், அந்த வழக்கத்தின் தொடக்கம் அங்கேதான். ஆனால் வார இறுதியில் அங்கு போகிறவர் காண்பது ஆலையைவிட ஒரு சுற்றுலாத் தலத்தைத்தான். வரிசையில் நிற்க வேண்டும். வழிகாட்டி மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்க வேண்டும். முப்பது பேருக்கு நடுவில் கோப்பையை நீட்ட வேண்டும். கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் அது அச்சிட்ட கையேட்டில் இருக்கும் பதிலாகவே இருக்கும்.

சிறிய ஆலையில் உங்களுக்கு ஊற்றித் தருபவர் அன்று காலை திராட்சைக் கூடைகளை எடைபோட்டவராகவோ, முந்தைய இரவு நொதிக்கும் தொட்டியின் வெப்பநிலையைப் பார்க்க எழுந்துபோனவராகவோ இருக்கக்கூடும். அப்படிப்பட்டவரிடம் 'உங்களிடம் எது சிறந்த ஒயின்?' என்று கேட்பதில் பயனில்லை. எந்தத் தகப்பனும் தன் பிள்ளைகளில் ஒருவனை வெளியாருக்கு முன் குறைத்துச் சொல்ல மாட்டான். இந்தத் திராட்சை சொந்தத் தோட்டத்தில் விளைந்ததா, விலைக்கு வாங்கியதா என்று கேளுங்கள். எந்த வாரத்தில் பறித்தார்கள் என்றும், சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் என்ன வேறுபாடு என்றும் கேளுங்கள். இவற்றுக்குப் பிறகு பெரும்பாலும் நீங்கள் வேறு எதுவும் கேட்கத் தேவையிருக்காது. அவரே உங்களைத் தொட்டிகளின் பக்கம் அழைத்துச் சென்று, இன்னும் கலங்கலாக இருக்கும் புது ஒயினைக் குழாயிலிருந்து பிடித்துக் கொடுப்பார். ஒயின் எப்படி உண்டாகிறது என்பதை அந்த ஒரு மடக்கில் விளங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் காலம் மிகச் சரியானது. ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். நாசிக்கில் அந்த உறக்கம் கிடையாது. விட்டுவிட்டால் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். அதில் ஒரு காய்ப்பு மழைக்காலத்தில் வந்து மாட்டிக்கொண்டு, அடிச்சாம்பல் நோயிலும் அழுகலிலும் வீணாகும். அதனால் அங்குள்ள விவசாயிகள் ஆண்டுக்கு இருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் செய்யும் கவாத்துக்கு மராத்தியில் 'கரட் சாட்டணி' என்று பெயர். அது கொடியை வளர்ப்பதற்கு மட்டும், பழத்துக்கு அல்ல. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்யும் இரண்டாவது கவாத்துதான் பழத்துக்கு. அப்போது துளிர்த்த கொடியில் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை நடக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கு வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அந்தக் குளிரால்தான் பழத்தில் இனிப்பு ஏறும்போதும் புளிப்பு முழுதாகக் கரைந்துபோகாமல் நிற்கிறது. அதிகாலையிலேயே எழுந்து செல்ல முடிந்தால், வெயில் ஏறுமுன் பழத்தைப் பறித்து ஆலைக்கு அனுப்பும் பரபரப்பைக் காணலாம். மும்பைவாசிகள் ஜூலை, ஆகஸ்டில் கூட்டமாக வருவதைப் பார்த்து நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள். மழையில் குன்றுகள் பச்சைப் பசேலென்று இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் கொடியில் இலையைத் தவிர ஒன்றும் இராது.

இடங்களைப் பொறுத்தவரை, நகருக்கு மேற்கே கங்காபூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சூலா, சோமா, யார்க் ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு குடும்பம் நடத்திவந்த யார்க் ஆலையை 2021இல் சூலாவே வாங்கிவிட்டது. ஆகவே சிறியது எது, பெரியதன் கிளை எது என்பதைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. மும்பைச் சாலையில் இகத்புரி வட்டத்தில் முகணே நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் வல்லோனே சிறிய ஆலை. நீங்கள் தேடும் வகை அதுதான். முதல் நாள் கங்காபூர்ப் பக்கம் இரண்டு, மறுநாள் இகத்புரிப் பக்கம் ஒன்று என மொத்தம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது ஆலையில் நாக்கு மரத்துவிடும். அங்கு குடித்தது எதுவும் நினைவில் நிற்காது. செவ்வாய், புதன் போன்ற நாட்களில், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். நாசிக் வரை போய் திரியம்பகேசுவரரைத் தரிசிக்காமல் திரும்ப உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன். அதைப் புறப்படும் நாளின் காலைக்கு வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். ஒயினை இதுவரை இரண்டு முறைதான் சுவைத்திருக்கிறேன். ஆலைக்குப் போனால் கோப்பையைச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், பிறகு ஏதேதோ பழங்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். தெரியாதவன் போனால் சிரிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: சிரிக்க மாட்டார்கள். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான், அதுவும் அவர்கள் போன பிறகுதான், சிரிப்பார்கள். நம் ஊரில் 'ஒயின்ஷாப்' என்று பெயர் வைத்துவிட்டு அங்கு ஒயினைத் தவிர மற்றதையெல்லாம் விற்று வந்ததால், ஒயின் என்றாலே ஒன்று கள்ளத்தனமானது, இல்லையென்றால் கனவான்களுக்குரியது என்ற எண்ணம் நம்மிடம் படிந்துவிட்டது. நொதித்த பழச்சாறு அது, அவ்வளவுதான்.

புறப்படுவதற்கு முன்பே சில காரியங்கள் இருக்கின்றன. வாசனைத் திரவியம் பூச வேண்டாம். வெற்றிலை பாக்கு, ஏலக்காய், பில்டர் காபி ஆகியவற்றை ஒரு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். முதன்முறை ஓர் ஆலைக்குச் சென்றபோது தலையில் ஒரு முழம் மல்லிகையோடு போய் நின்றேன். முகர்ந்த ஒயினெல்லாம் மல்லிகையாகவே மணந்தது. ஊற்றித் தந்த இளைஞர் எதுவும் சொல்லாமல், சன்னலோரமாக இருந்த வேறு மேசைக்கு மற்றவர்களை மாற்றி உட்கார வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கோப்பையைச் சுழற்றுவது வேடிக்கைக்காக அல்ல. காற்றோடு கலந்தால் மணம் மேலே எழும் என்பதற்காக. முகர்ந்துவிட்டு, ஒரு சிறு மடக்கை வாய் முழுவதும் பரவவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் வாளியில் துப்பிவிடுங்கள். துப்புவது நம்மவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும், ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் துப்புகிறவர்கள்தான். நுரைக்கும் வகை, வெள்ளை, ரோஜா நிறத்தது, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையில் ஊற்றுவார்கள். இனிப்பை முதலில் சுவைத்தால் அடுத்து வருவதெல்லாம் புளிக்காடியாகத் தோன்றும். பாயசம் சாப்பிட்ட வாயில் ரசம் ஊற்றிப் பார்த்தால் தெரியும்.

அடுத்து, பழங்களின் பெயர்கள். ஊற்றித் தருபவர் கூஸ்பெரி, பிளாக்கரண்ட் என்று நாம் தின்றே இராத பழங்களை அடுக்குவார். கூஸ்பெரி என்றால் நெல்லிக்காய் என்று அகராதி சொல்லும். அந்தப் பழம் வேறு, நம் நெல்லி வேறு. நீங்கள் உங்கள் நாக்குக்கும் மூக்குக்கும் பழகிய பெயர்களையே வைத்துக்கொள்ளுங்கள். நாசிக்கில் நன்றாக விளையும் செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் பெரும்பாலும் பழுக்கத் தொடங்கிய கொய்யாவாக மணக்கும். இன்னொரு வெள்ளை வகையான சோவிஞோன் பிளாங்க் நறுக்கிய குடைமிளகாயையும் அறுத்த புல்லையும் நினைவூட்டும். இது கற்பனையும் அல்ல, குடைமிளகாயில் இருக்கும் பைரசீன் வகைச் சேர்மமே அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்கான ஷிராஸில் மிளகு மணப்பதாகச் சொல்வார்கள். அதற்கான காரணமும் அதே போன்றதுதான். மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் பழத்தின் தோலிலும் இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். மிளகு ரசத்தில் வளர்ந்த நமக்கு அதைக் கண்டுபிடிக்க வெளியாள் ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாக்கு சொல்வதையும் நம் அறுசுவையை வைத்தே பிரித்துவிடலாம். சிவப்பு ஒயினைக் குடித்தவுடன் ஈறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக விளக்குவார்கள். நமக்கு அதற்கு 'துவர்ப்பு' என்ற ஒரு சொல் போதும். வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் தின்ற வாய்க்கு அது பழக்கமானதே. பழத்தின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், ஓரளவு ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் அது வருகிறது. துவர்ப்பு முரட்டுத்தனமாக இருந்தால் ஒயின் இளசு என்றோ, பழம் முழுதாக முற்றுமுன் பறிக்கப்பட்டது என்றோ கொள்ளலாம். புளிப்பு போதுமா என்பதை விழுங்கிய பின் வாயில் ஊறும் எச்சிலே சொல்லும். தொண்டையில் எரிந்தால் சாராயச் சத்து மற்றவற்றை மீறி நிற்கிறது என்று பொருள். வெயில் மிகுந்த ஊர் ஒயின்களில் இது அடிக்கடி நேரும் குறை, நாசிக்கிலும் உண்டு.

குறைகளையும் அறிந்திருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெடுத்த புட்டி அது. வேறு புட்டி கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல ஆலையினர் நன்றி சொல்லி மாற்றுவார்கள். புளிக்காடி நெடி மூக்கில் ஏறினால் பேசாமல் வைத்துவிடுங்கள். மெல்லிய அழுகிய முட்டை வாடை மட்டும் சில நேரம் கோப்பையைச் சுழற்றினால் போய்விடும். இன்னொன்று, சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' தர வேண்டும் என்ற விதி குளிர்நாட்டு அறைகளுக்காக ஏற்பட்டது. அது 16 முதல் 18 டிகிரி வரை இருக்க வேண்டும். நாசிக்கின் பிப்ரவரிப் பிற்பகலில் மேசையிலேயே நின்ற புட்டி 28 டிகிரியில் இருக்கும். கால் மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவரைப் புதியவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: சுவைத்துப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் வந்தால் தவறா? நாங்களே காரோட்டிச் செல்லலாமா?
— வாசகர், சென்னை

பதில்: சுவைப்பதற்குக் கட்டணம் வாங்கும் ஆலையில் வாங்காமல் வருவதில் தவறேதும் இல்லை. கட்டணமில்லாமல் உரிமையாளரே ஒரு மணி நேரம் உடனிருந்து பேசிய இடத்தில் ஒரு புட்டியாவது வாங்குவது பண்பு.

காரோட்டும் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 30 மில்லி என்றால் 180 மில்லி. 13 விழுக்காடு வலிமையில் அதில் இருக்கும் சாராயம் சுமார் 18 கிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் குறுகிய நேரத்தில் அதை விழுங்கினால், 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற நம் நாட்டுச் சட்ட வரம்பைத் தாண்டிவிடுவார். துப்புவதாக இருந்தாலும் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் தலைமுறைகளாகப் பன்னீர் திராட்சை விளைகிறது. வியாபாரி சொல்வதுதான் விலை. நாசிக்கைப் போல எங்கள் பள்ளத்தாக்கிலும் சிறு சிறு ஒயின் ஆலைகள் ஏன் பெருகவில்லை? எங்கள் பழத்தில் நல்ல ஒயின் வராதா?
— வாசகர், கம்பம்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இப்பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பன்னீர் திராட்சை என்று நீங்கள் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவர் மூக்கு தெரிந்தவர். ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் போன்ற பொருட்கள் மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளில் நிறைந்திருக்கின்றன. இதே வகையைச் சீனர்கள் தங்கள் மொழியில் 'ரோஜா மணம்' என்றே அழைக்கிறார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆக, மணத்தில் குறையில்லை. இடைஞ்சல் மற்ற இடங்களில் இருக்கிறது. ஒயினில் எவ்வளவு சாராயச் சத்து வரும் என்பதைப் பழத்தின் சர்க்கரையே தீர்மானிக்கிறது. சாற்றின் சர்க்கரையைப் பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பிரிக்ஸுக்கு ஏறத்தாழ 0.55 முதல் 0.6 விழுக்காடு சாராயம். சிவப்பு ஒயின் செய்பவர் 22 முதல் 24 பிரிக்ஸ் வரை பழத்தைக் கொடியிலேயே விட்டுவைக்க விரும்புவார். சந்தைக்குப் போகும் பன்னீர் திராட்சை அதைவிட வெகு குறைவான இனிப்பிலேயே பறிக்கப்பட்டுவிடும். 16 பிரிக்ஸ் பழத்தை நொதிக்க வைத்தால் ஒன்பது விழுக்காட்டைச் சுற்றித்தான் நிற்கும். பந்தல் முழுக்கக் குலை தொங்கினால்தான் உங்களுக்குக் கட்டுபடியாகும். ஒயின் தோட்டக்காரரோ கம்பிகளில் கொடியை நேராக ஏற்றி, குலைகளை வேண்டுமென்றே குறைத்து, மிஞ்சியவற்றில் சாரத்தைச் சேர்க்கப் பார்ப்பார். மேலும் இந்த வகையின் தோலில் நிறமும் துவர்ப்பும் குறைவு என்பதால், பல ஆண்டு வைத்திருந்து குடிக்கும் சிவப்பு ஒயின் இதில் வராது. நாசிக்கின் குளிர்ந்த இரவுகளும் கம்பத்துக்கு இல்லை. பழுக்கும்போதே புளிப்பு வேகமாக இறங்கிவிடுகிறது.

இவற்றையெல்லாம் வைத்து 'நல்ல ஒயின் வராது' என்று முடிவு கட்டுகிறவர்கள் ஒரே ஒரு மாதிரி ஒயினை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தோலோடு நெடுநேரம் ஊற விடாமல் சாற்றை மட்டும் பிழிந்து, குளிர்ந்த தொட்டியில் மெதுவாக நொதிக்க வைத்து, சர்க்கரை முழுவதும் தீர்வதற்கு முன்பே குளிரூட்டி நிறுத்தினால், ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைந்த வலிமையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ரோஜா மணக்கும் இலேசான இனிப்பு ஒயின் கிடைக்கும். அதை ஓராண்டுக்குள் சில்லென்று குடித்துவிட வேண்டும். நம் வெயிலுக்கும் காரத்துக்கும் பதினான்கு விழுக்காட்டுச் சிவப்பைவிட அது எவ்வளவோ பொருத்தம் என்பது என் கருத்து.

ஆனால் சிறிய ஆலை பெருகுவதற்குப் பழம் மட்டும் போதாது. மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, ஆயத்தீர்வையில் சலுகை அளித்து, விஞ்சூரிலும் பலூசிலும் ஒயின் ஆலைகளுக்கான தொழிற்பூங்காக்களை ஏற்படுத்தியது. வாசலுக்கு வருகிறவர் சுவைத்துப் பார்த்து அங்கேயே வாங்கிச் செல்ல முடிந்ததால் சிறிய ஆலைகள் மூச்சுவிட்டன. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுபானச் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் புட்டிகள் செய்யும் ஒருவர், தன் தோட்டத்தைப் பார்க்க வந்தவருக்குத் தானே விற்கும் வழி எளிதாக இல்லையென்றால் எதை நம்பி முதல் போடுவார்? நாசிக்கிலும் எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. கொள்கை வந்த வேகத்தில் ஆலைகள் முளைத்தன. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவும் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து விருந்தோம்பல் தொழிலை முடக்கியபோது பல ஆலைகள் மூடப்பட்டன. வாங்க ஆளில்லாமல் ஒயின் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கிய விவசாயிகளும் உண்டு. உங்கள் பகுதியில் யாராவது ஒப்பந்தம் பேசிக்கொண்டு வந்தால், பந்தலைப் பிரிப்பதற்கு முன் இந்தக் கதையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வரும்படி ஏதேனும் உண்டா?
— வாசகி, பெங்களூர்

பதில்: உண்டு. நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாபூர்ப் பக்கம் குரோவர் ஆலை இருக்கிறது. கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர், பிரான்சின் ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசலின் துணையோடு இந்தியாவின் பல இடங்களில் மண்ணையும் தட்பவெப்பத்தையும் பார்த்துத் திரிந்து, கடைசியில் 1988இல் இங்கே நிலைகொண்டார். 1992இல் முதல் ஒயின் வந்தது. பின்னர் பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த புகழ்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலானும் சேர்ந்துகொண்டார். 2012இல் நாசிக்கின் ஸம்பா ஆலையோடு இணைந்தது முதல் குரோவர் ஸம்பா என்ற பெயர் வழங்குகிறது. இதைச் சிறிய ஆலை என்று சொல்ல முடியாது; ஆயினும் கேபர்னே சோவிஞோனும் ஷிராஸும் கலந்து செய்யும் இவர்களின் 'லா ரிசர்வ்' தென்னிந்திய மண்ணில் என்ன சாத்தியம் என்பதைக் காட்டிய ஒயின்.

வழியில் சிக்கபள்ளாபூர்ப் பக்கம் சாலையோரத்தில் விற்கும் பெங்களூர் நீலத் திராட்சையையும் வாங்கித் தின்று பாருங்கள். அது அமெரிக்க இனத்தின் வழிவந்தது. திராட்சை மிட்டாயில் சேர்க்கும் செயற்கை மணத்துக்கு அடிப்படையான மீதைல் ஆந்த்ரனிலேட் அதில் இயற்கையாகவே இருக்கிறது. மலிவு விலை இனிப்பு ஒயின்கள் பலவற்றில் வீசும் அந்த மிட்டாய் வாசனை எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

கேள்வி: நான் மரக்கறி உணவு மட்டும் உண்பவள். ஒயினில் முட்டையும் மீனும் சேர்ப்பதாக ஒருவர் சொன்னார். உண்மையா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சேர்மானமாகச் சேர்ப்பதில்லை, தெளிய வைக்கப் பயன்படுத்துவதுண்டு. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் கசடு அடியில் படிவதுபோல, நொதித்து முடிந்த ஒயினில் மிதக்கும் துகள்களைப் படிய வைக்க முட்டை வெண்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசை, ஜெலட்டின் போன்றவற்றை மரபாகப் பயன்படுத்திவந்தார்கள். அவை கசடோடு சேர்ந்து படிந்து, வடிகட்டும்போது நீங்கிவிடும் என்றாலும், தொட்டதே கூடாது என்று கருதுகிறவர்களுக்கு அது சமாதானம் ஆகாது. பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கொண்டும் தெளிய வைக்கலாம். எதுவும் சேர்க்காமல் மாதக்கணக்கில் தானாகப் படிய விடுபவர்களும் இருக்கிறார்கள். 'இதை எதைக் கொண்டு தெளிய வைத்தீர்கள்?' என்று கேளுங்கள். சிறிய ஆலைக்குச் செல்வதில் இது ஒரு வசதி. கடையில் புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைப்பது அரிது.

கேள்வி: நாசிக்கில் பிடித்த புட்டிகளை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து, விசேஷ நாட்களுக்காகச் சில ஆண்டுகள் சேர்த்து வைக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டு பகுதிக்குமே என் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதுதான். மது தொடர்பான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; வெளிமாநிலச் சரக்கை அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் சிக்கலை வரவழைக்கும். விமான நிறுவனம் பெட்டியில் ஏற்ற அனுமதித்துவிட்டது என்பதால் இங்கு இறங்கிய பின் எல்லாம் சரியாகிவிடாது.

சேர்த்து வைப்பதும் அப்படித்தான். ஒயினுக்கு 12 முதல் 15 டிகிரி வரை மாறாத குளிர்ச்சி வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் அலமாரிக்குள் இரண்டு வாரம் இருந்த வெள்ளை ஒயின், வெந்த ஆப்பிள் போலாகிவிடும். நாசிக்கின் வெள்ளை ஒயின்களும் ரோஜா நிறத்தவையும் ஓரிரு ஆண்டுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகின்றன. பீப்பாயில் முதிர்ந்த நல்ல சிவப்பு வேண்டுமானால் நான்கைந்து ஆண்டு தாங்கும், அதுவும் குளிர்ந்த அறை இருந்தால்தான். தக்கைக்குப் பதில் திருகுமூடி போட்டிருப்பதைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் தட்பவெப்பத்துக்கு அதுவே நம்பகமானது. வாங்கிய புட்டிகளைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வருவதையும் தவிர்க்க வேண்டும்.

மும்பையிலோ புனேயிலோ உறவினர் இருந்தால், திரும்பும் வழியில் அவர்கள் வீட்டிலேயே திறந்துவிடுங்கள். சற்று இனிப்புள்ள செனின் பிளாங்க்கை நன்றாகக் குளிர வைத்து இறால் வறுவலோடு கொடுக்கலாம்; மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் இருந்தால் ஷிராஸைத் திறக்கலாம். புளிக்குழம்பு வைத்திருந்தால் மட்டும் புட்டியை மூடியே வைத்துவிடுங்கள்.